பச்சைச் சாயம் வேண்டாம்: மார்ச் 17 ஐரிஷ் விருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், மார்ச் 17 அன்று எனக்கு வார்டில் பகல் டியூட்டி. அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாள் அது. வெறுங்கையோடு போவானேன் என்று முந்தின ராத்திரியே இரண்டு டஜன் கப் கேக் சுட்டு, மேலே பூசும் க்ரீமில் அரைப் புட்டி பச்சைக் கலரைக் கவிழ்த்து, நாலு இதழ் இலை மாதிரி சர்க்கரை அலங்காரம் வைத்து எடுத்துப் போனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள். மத்தியானம் பார்த்தால் வார்டு முழுக்கப் பச்சை நாக்கு. மூத்த நர்ஸ் ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இலை நாலு இருக்கே, அது எங்களோடது இல்லை" என்றார்.

ஷாம்ராக் என்பது மூன்று இதழ் இலை. நாலு இதழ் என்பது அதிர்ஷ்டத்துக்குத் தேடுகிற வேறு சமாசாரம். கடவுள் ஒருவரே, ஆனால் தந்தை, மகன், தூய ஆவி என மூவர் என்பதை விளக்கப் புனித பேட்ரிக் இந்த இலையைக் காட்டினார் என்று கதை. வில்வத்தில் இன்னொரு இதழைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போவதற்குச் சமமான காரியத்தை நான் செய்திருந்தேன்.

அடுத்த தவறு பெயரில். பேட்ரிக் என்பது ஐரிஷ் மொழியில் பாட்ரிக் (Pádraig). அதில் வரும் 'd' ஒலியால் செல்லப் பெயர் 'பேடி' (Paddy). அமெரிக்காவில் இதை 'பேட்டி' (Patty) என்று எழுதி வாழ்த்து அனுப்புவார்கள். பேட்டி பெண்ணின் பெயர், அல்லது பர்கருக்குள் வைக்கும் கறிவடை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஐரிஷ்காரர்கள் இதற்காகப் பொங்குவதைப் பார்க்கலாம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்களுக்கு ஓர் ஒற்றின் அருமை தெரியும்.

பச்சை பீர் விஷயமும் அக்கரையில் பிறந்ததுதான். சிகாகோவில் 1962 முதல் ஆற்றுக்கே பச்சைச் சாயம் கலக்கிறார்கள். ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேட்ரிக்கின் நினைவு நாள் அயர்லாந்தில் வெகுகாலம் ஒரு பக்தித் திருநாள். காலையில் பூசை, கோட்டில் குத்திய ஷாம்ராக், வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். தவக்காலத்தின் நடுவே வருவதால் அன்று ஒருநாள் மட்டும் விரதத்துக்குத் தளர்வு. நாற்பது நாள் மிட்டாய் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்த குழந்தைகளுக்கு அன்று விடுதலை. 1903இல் அரசு விடுமுறை ஆனது. 1920களில் வந்த சட்டம், அன்று பப்புகளை மூடியே வைக்கச் சொன்னது. 1960 வரை அப்படித்தான். டப்ளினில் அன்று நடக்கும் நாய்க் கண்காட்சியில் மட்டும் மது கிடைக்கும் என்பதால், நாயே வளர்க்காதவர்களுக்கெல்லாம் மார்ச் 17இல் நாய்கள் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும் என்று பெரியவர்கள் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். இன்று டப்ளினில் நடக்கும் பல நாள் திருவிழா 1996இல்தான் தொடங்கியது. ஆகவே குடித்துக் கும்மாளமிடுவதுதான் ஐரிஷ் மரபு என்று நினைத்து இங்கே வந்தால், பேரணி பார்க்கக் குழந்தையைத் தோளில் தூக்கி நிற்கும் குடும்பங்களுக்கு நடுவே நாம் மட்டும் கோமாளித் தொப்பியோடு நிற்போம்.

குடிப்பதானால் எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்குள் விஸ்கியும் க்ரீம் மதுவும் கலந்த சின்னக் கோப்பையைப் போட்டு மடக்கென்று குடிக்கிற பானத்துக்கு அமெரிக்காவில் 'ஐரிஷ் கார் பாம்' என்று பெயர். 1974 மே 17 அன்று டப்ளினிலும் மொனகனிலும் கார் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாட்டில், 1998இல் ஓமா குண்டுவெடிப்பை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும் தீவில், அந்தப் பெயரைக் கவுன்ட்டரில் சொல்லிப் பாருங்கள்! ஸ்டவுட்டும் வெளிர்நிற பீரும் பாதிப் பாதி கலந்த 'பிளாக் அண்ட் டேன்' கதையும் அதேதான். சுதந்திரப் போரின்போது 1920இல் லண்டன் அனுப்பிய படைக்குக் காக்கியும் கருமையும் கலந்த சீருடையால் வந்த பெயர் அது. அந்த டிசம்பரில் அரசுப் படைகள் கார்க் நகரின் நடுப்பகுதிக்குத் தீ வைத்தன. எரிந்தது பேட்ரிக் பெயரில் உள்ள கடைவீதி. அந்த வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரில் பானம் கேட்பது நன்றாக இருக்காது. 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்றால் கொடுப்பார்கள்.

ஸ்டவுட் கறுப்பாக இருப்பதால் அது கடும் மது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பிரபல ஸ்டவுட்டான கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீத அளவுதான். நம்மூர் 'ஸ்ட்ராங்' பீர்களைவிடக் குறைவு. குழாயிலிருந்து சாய்த்த கோப்பையில் முக்கால் வரை பிடித்து, கலங்கல் அடங்கும்வரை வைத்துவிட்டு, பிறகுதான் மீதியை நிரப்புவார்கள். நைட்ரஜன் குமிழ்கள் பொடியாக இருப்பதால் அடங்க நேரமாகும். நான் முதல் தடவை முக்கால் கோப்பையைப் பார்த்து, ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக் கை நீட்டி எடுத்துவிட்டேன். கடைக்காரர் என் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கி வைத்தார். இதைவிடப் பெரிய தப்பு, ரவுண்டுக் கணக்கை மறப்பது. கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்து இன்னொருவர். இது மொய் மாதிரி. யாரும் நோட்டில் எழுதமாட்டார்கள், ஆனால் யாருக்கும் மறக்காது. வாங்கிக் குடித்துவிட்டு நம் முறை வருமுன் நழுவினால் பெயர் கெட்டுவிடும். குடிக்காதவரானால் முதலிலேயே சொல்லி, தன் எலுமிச்சைச் சோடாவைத் தானே வாங்கிக்கொள்வது நிம்மதி.

சாப்பாட்டுக்கு வருவோம். கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும்தான் பேட்ரிக் நாள் சாப்பாடு என்று இணையம் முழுக்க எழுதியிருக்கும். இதில் பாதி உண்மை, பாதி கப்பலேறிய கதை. 'கார்ன்' என்றால் இங்கே சோளமல்ல, உப்புக் கல். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உப்பிட்ட மாட்டிறைச்சியைப் பீப்பாய் பீப்பாயாகப் பிரிட்டிஷ் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஏற்றி அனுப்பிய துறைமுகமே கார்க்தான். மாட்டை வளர்த்த ஐரிஷ் ஏழைக்கு அந்தக் கறி கட்டுப்படியாகாது; அவன் வீட்டில் இருந்தது பன்றி. பிறகு நியூயார்க் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஊர் பேக்கன் கிடைக்கவில்லை, யூதர் கடைகளில் உப்பில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. அங்கே பிறந்தது அந்த ஜோடி. அயர்லாந்து வீடுகளில் இந்த நாளுக்கு வேகிறது பேக்கன்தான். அதற்காகக் கார்ன்ட் பீஃப் போலி என்று சாதிப்பதும் தப்பு. 1788 முதல் இருக்கும் எங்கள் ஊர் இங்கிலீஷ் மார்க்கெட்டில் இன்றும் அது தொங்குகிறது, வாங்கவும் செய்கிறார்கள்.

பேக்கன் என்றதும் காலை உணவுக்கு வறுக்கும் மெல்லிய துண்டுகளை வாங்கிவிடாதீர்கள். இது ஒரே கட்டியாக வரும் உப்புக்கண்டம். பன்றியின் முதுகு அல்லது கழுத்துப் பாகம். நேரே கொதிக்கப் போட்டால் கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதி வரவிட வேண்டும். மேலே வெள்ளையாக உப்பு நுரை திரளும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதும் கரித்தால் இன்னொரு முறை. பிறகு தளதளவென்று கொதிக்கவிடாமல், 450 கிராமுக்கு 20 நிமிடம், அதன்மேல் ஒரு 20 நிமிடம் என்று சிறு தீயில் வேகவிடலாம். முட்டைக்கோஸைக் கடைசியில் அந்தக் கறித் தண்ணீரிலேயே போட்டு எடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் சாம்பல் நிறத்தில் கூழாகி, தெருக்கோடி வரை வாசனை போகும்.

பன்றியும் மாடும் சாப்பிடாதவர்களுக்கு ஐரிஷ் ஸ்டூ இருக்கிறது. ஆட்டுக் கழுத்துக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தண்ணீர், உப்பு, மிளகு. கேரட் போடலாமா கூடாதா என்பதில் இங்கே குடும்பங்கள் இரண்டாகப் பிரியும். இஞ்சி பூண்டு விழுது போட நம் கை துடிக்கும். போட்டால் ருசியான குழம்பு கிடைக்கும், ஸ்டூ கிடைக்காது. மிஞ்சியதை மறுநாள் நான் மிளகாய் தாளித்துச் சாதத்தில் பிசைந்துதான் சாப்பிடுகிறேன்; அது என் வீட்டு விஷயம்.

உருளைக்கிழங்கை மசிக்கையில் செய்யும் தவறு மிக்சி. ஒரு சுற்றுக்குள் கோந்தாகிவிடும். மாவுத்தன்மையுள்ள கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்து, கையால் மசித்து, சூடான பாலை ஊற்ற வேண்டும். வெங்காயத்தாளைப் பாலில் கொதிக்கவைத்துச் சேர்த்தால் சாம்ப். கேல் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்தால் கோல்கேனன். நடுவில் குழி பறித்து வெண்ணெய் வைத்து, ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வெண்ணெயில் சிக்கனம் பார்த்தால் மற்றதெல்லாம் வீண். மேசையில் உருளைக்கிழங்கு ஜோக் மட்டும் வேண்டாம். 1845 முதல் 1852 வரை கிழங்கில் அழுகல் நோய் விழுந்து சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானவர்கள் ஊரைவிட்டே போனார்கள். அதே சமயம் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சோடா ரொட்டியில்தான் நான் அதிகம் தோற்றேன். இட்லி மாவு வளர்த்த கையல்லவா, பிசைந்த மாவை 'பொங்கட்டும்' என்று மூடி ஒரு மணி நேரம் வைத்தேன். சுட்டு எடுத்ததை அம்மிக் குழவியாக உபயோகித்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஈஸ்ட்டே இல்ல கேர்ள், எதுக்காகக் காத்திருந்தே?" என்றார். கார்க்கில் எழுபது வயதுப் பெண்ணையும் 'கேர்ள்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் கற்றுக்கொடுத்தது இது. மோரின் புளிப்பும் ஆப்பசோடாவும் சேர்ந்த அந்த நொடியே வாயு கிளம்பிவிடும். அது அடங்குமுன் ரொட்டி அடுப்புக்குள் இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை ஓவனை 230 டிகிரிக்குச் சூடேற்றுவது. 450 கிராம் மைதாவுக்கு ஒரு மட்டமான டீஸ்பூன் ஆப்பசோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, 350 மில்லிக்குக் குறையாத மோர். நாம் தாகத்துக்குக் குடிக்கும் நீர்மோர் போதாது. கெட்டித் தயிரில் பால் விட்டுக் கடைந்தால் சரியாக வரும். விரல்களை விரித்து வட்டமாக ஒரு சுழற்று, ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தால் ரப்பர்தான். அயர்லாந்துக் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு உறுதி போதாது. அதனால்தான் சோடா இங்கே இவ்வளவு பிரபலமானது. வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவை கீற வேண்டும். தேவதைகள் வெளியே போக வழி என்பார் பாட்டி. நடுப்பகுதி வேக வழி என்பது நிஜம். 15 நிமிடம் கழித்து 200 டிகிரிக்கு இறக்கி இன்னும் 30 நிமிடம். அடியில் தட்டினால் மண்பானை மாதிரி ஒலிக்க வேண்டும். நன்றாக உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டினால் மஞ்சள் பூத்து, சோப்பு மாதிரி கசக்கும். சர்க்கரை, முட்டை, உலர் திராட்சை போட்டதை அமெரிக்காவில் 'சோடா ரொட்டி' என்பார்கள். திராட்சை போட்டதற்கு இங்கே வேறு பெயர், 'ஸ்பாட்டட் டாக்'.

சாப்பாடு முடிந்ததும் ஐரிஷ் காபி. இது பழைய மரபு அல்ல. ஷானன் ஆற்று முகத்தில் ஃபாய்ன்ஸ் என்ற ஊரில் கடல் விமானங்கள் இறங்கிய காலத்தில், 1943 வாக்கில், மோசமான வானிலையால் திரும்பிவந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் தயாரித்தது. சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது. சர்க்கரை கரைந்து காபி கனத்தால்தான் க்ரீம் மேலே மிதக்கும், இல்லாவிட்டால் முழுகிவிடும். சூடாக்கிய கண்ணாடிக் கோப்பையில் இரண்டு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஐரிஷ் விஸ்கி, சூடான கடுங்காபி. க்ரீமைக் கெட்டியாக அடிக்காமல், ஊற்றினால் சோம்பலாக விழும் பதத்துக்கு அடித்து, ஸ்பூனின் முதுகில் விட்டு மெல்ல இறக்க வேண்டும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் க்ரீம் வேண்டாம். குடிக்கும்போது கலக்கவும் வேண்டாம்; குளிர்ந்த க்ரீம் வழியாகச் சூடான காபி வருவதுதான் சுகம். பரிமாறும்போது ஸ்பூனைப் பக்கத்தில் வைக்காதீர்கள், வைத்தால் யாராவது கலக்கிவிடுவார்கள்.