கிறவல் பாதை வரைவது எப்படி? களனி ஆற்றிலிருந்து மாராவில கள்ளு வரை

இத்தாலியின் கியாந்தியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கிறவல் வீதிகளில் சைக்கிள் விடுகிறார்களே, அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். அங்கே 1997இல் பழைய சைக்கிள்களுக்கென்று 'லெரோய்க்கா' ஓட்டத்தைத் தொடங்கியதற்கே அந்த வீதிகளுக்குத் தார் போட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். வெள்ளவத்தையிலிருந்து கியாந்திக்கு விசா எடுப்பதைவிட மாராவிலவுக்கு மிதிப்பது சுலபம். திராட்சைக்குப் பதில் தென்னை, வைனுக்குப் பதில் கள்ளு. ஆறும் இரண்டு கிடைக்கிறது: புறப்படும்போது களனி, போய்ச் சேருமுன் மகா ஓயா. இடையில் ஹமில்டன் கால்வாய்.

ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது நான் வரைந்த பாதைக் கோட்டைச் சேமித்த கோப்பைத் தாருங்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மழை அடித்தால் என் கோடு உங்களுக்குப் பிழைத்துப்போகும். சொந்தமாக வரையப் பழகுங்கள். பஞ்சர் ஒட்டுவது, கியர் மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: கருவி

பாதை வரையக் கணினியில் பிரௌட்டர் இணையதளம், அதைப் பார்த்து ஓடப் போனில் ஓஸ்மாண்ட் செயலி. இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தின் தரவில் ஓடுகின்றன. பிரௌட்டரைப் பார்த்தால் பழைய அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கும். ஆனால் கணக்குத் திறக்கச் சொல்லாது, காசு கேட்காது. ஒவ்வொரு துண்டு வீதிக்கும் தார், மண், கிறவல் என்று யாராவது குறித்து வைத்திருந்தால் அதையும் பட்டியலாகக் காட்டும். 'ட்ரெக்கிங்' தெரிவில் வைத்துக்கொண்டால் போதும். போனில் வழக்கமாக எல்லோரும் வைத்திருக்கும் வரைபடம் சோற்றுப் பார்சல் கடை தேடத்தான் நல்லது.

படி 2: முதலில் பாலம், பிறகு பாதை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் தடவை மட்டக்குளியில் ஒரு புள்ளி, நீர்கொழும்பில் ஒரு புள்ளி, நடுவில் கால்வாயோரமாக நாலைந்து புள்ளி என்று தட்டி, வந்த கோட்டை அப்படியே போனில் ஏற்றிக்கொண்டு விடியப்புறம் வெளிக்கிட்டேன். பமுனுகமை தாண்டி வழி ஒற்றையடிப் பாதையாகி, பிறகு பற்றையாகி, நின்றே விட்டது. செருப்பைக் கழற்றி எறிந்தால் போய் விழும் தூரத்தில் அடுத்த கரை. அங்கே சிவப்பாக, இறுக்கமாக, அழகான கிறவல் பாதை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று மணியடித்துக்கொண்டு போகிறது! வலை உதறிக்கொண்டிருந்த ஐயா என்னையும் சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார். "மல்லி, எஹே பாலமக் நே" (தம்பி, அங்கே பாலமில்லை) என்றார். பாலம் இல்லாத ஊரில் நின்று என்ன செய்வது? நாலு கிலோமீற்றர் திரும்பி மிதித்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது? வரைபடத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு கரை வீதியும் ஒரே கோடாகத் தெரியும். நீங்கள் தட்டும் புள்ளி எந்த வீதிக்குக் கிட்டவோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கரை மாறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுவும் இந்தக் கால்வாயில் கிழக்குக் கரையில் மாட்டினால் பக்கத்தில் முத்துராஜவெல, சுமார் 3,000 ஹெக்டேயர் சதுப்பு. குறுக்கே தப்பியோட ஒழுங்கை கிடையாது. 1802இல் வெட்டத் தொடங்கிய ஆங்கிலேயர் களனி முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்புக் களப்புவரை 14.5 கிலோமீற்றருக்கு, இந்தச் சதுப்பின் உப்புத் தண்ணீரை வடியவைக்கத்தான் வெட்டினார்கள். (வெட்டியது ஆங்கிலேயர், ஊரில் இன்றும் பெயர் ஒல்லாந்தர் கால்வாய். ஹமில்டன் பாவம்.)

இப்போது நான் செய்வது இதுதான். கால்வாய் கோடாகத் தெரியாமல் நீலப் பட்டையாகத் தெரியும்வரை பெருப்பிக்கிறேன். ஹெக்கித்தையிலிருந்து வடக்கே நகர்ந்து, பாலங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் குறிக்கிறேன். செய்மதிப் படத்துக்கு மாறி ஒவ்வொரு பாலத்தையும் சரிபார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் தண்ணீர்க் குழாயும் பாலம் மாதிரியே இருக்கும். பாலமென்றால் இரண்டு பக்கமும் பாதை வந்து முட்டும், குழாயென்றால் முட்டாது. அதற்குப் பிறகுதான் இரண்டு பாலங்களுக்கு இடையில் எந்தக் கரை என்று முடிவெடுத்து, அந்தக் கரையில் நெருக்க நெருக்கமாகப் புள்ளி வைக்கிறேன். கடைசியில் கோடு முழுவதையும் ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்ப்பேன். நான் குறிக்காத இடத்தில் கோடு தண்ணீரைக் கடந்தால் புள்ளி பிழை.

களனியைக் கடக்க மட்டக்குளிப் பாலம். கொள்கலன் லொறிகளோடு பேலியகொடையில் மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை.

படி 3: நிறம் பார்த்தல்

நம் பக்கத்து ஒழுங்கைகளில் பாதிக்குமேல் தரை வகை குறிக்கப்படாமலே கிடக்கிறது. செய்மதிப் படத்தின் நிறத்தை நம்புங்கள். சிவப்பு என்றால் கிறவல், போகலாம். சாம்பல் என்றால் கார்பெட் அல்லது கொங்கிரீட். வெளிறிய வெள்ளை என்றால் கடல் மணல். அதில் டயர் புதையும், இறங்கி உருட்ட வேண்டும். நீர்கொழும்புக்கு வடக்கே கரையோரமாகப் போனால் இந்த வெள்ளை நிறையவே வரும்.

ஓட்டங்களைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தையும் ஒருதரம் பாருங்கள். ஆட்கள் போகிற பாதை ஒளிரும். சைக்கிள் ஓட்டத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் படகில் போனவர்களின் கோடும் சேர்ந்துகொள்ளும்.

படி 4: மகா ஓயா

கொச்சிக்கடையில் மகா ஓயாவைக் கடந்தால் மேல் மாகாணம் முடிகிறது. ஆற்றோரம் போகிற பாதைகள் வரைபடத்தில் கண்ணைப் பறிக்கும். நம்ப வேண்டாம். மணல் அள்ளி அள்ளிக் கரை இடிந்த ஆறு இது. வரைபடத்தில் இருக்கும் பாதை ஆற்றுக்குள் போயிருக்கலாம். கூகிள் எர்த் ப்ரோவில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். ஆறு கரையைத் தின்றுகொண்டு வருவது தெரிந்தால் அந்தத் துண்டை விட்டு ஓடுகள் சுடும் ஊர்ப் பக்கமாக, அதாவது வைக்கால் உள்வீதிகளால் போங்கள். சூளைப் புகை வாசமும் சேர்த்துக் கிடைக்கும்.

படி 5: சேமிப்பது

டிராக் ஆகச் சேமியுங்கள், ரூட் ஆக வேண்டாம். முதலில் இதை எழுத மறந்துவிட்டேன். வேறொரு செயலியில் வரைந்து ரூட் ஆக எடுத்துப் போன வாசகர் ஒருவரை அவருடைய கருவி ஏ3 புத்தளம் வீதியிலேயே நீர்கொழும்புவரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. ரூட்டில் சில புள்ளிகள்தான் இருக்கும். இடைவழியைக் கருவி தன் இஷ்டத்துக்குக் கணக்கிடும். டிராக்கில் நீங்கள் வரைந்த வளைவெல்லாம் அப்படியே இருக்கும்.

படி 6: புறப்படல்

தை, மாசி நல்லது. வைகாசிக்குப் பிறகு மழை, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். டயர் 40 மில்லிமீற்றர். என் 65 கிலோவுக்கு முன்னால் 35, பின்னால் 40 பிஎஸ்ஐ காற்று. கல்லுப்போல் காற்றடித்தால்தான் வேகம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, மணலில் சந்திப்போம்.

வெள்ளவத்தையிலிருந்து மாராவில ஏறக்குறைய 70 கிலோமீற்றர். ஒரே மூச்சில் போனால் வெயில் ஏறிய பிறகுதான் தோட்டத்தைப் பார்ப்பீர்கள். முதல் நாள் நீர்கொழும்பில் தங்கிவிட்டு விடியப்புறம் மிதித்தால் கள்ளு இறக்குவதைப் பார்க்கலாம். மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறு, ஒன்று காலுக்கு, ஒன்று கைக்கு. ஒரு மரத்தில் ஏறியவர் கீழே இறங்காமல் அந்தரத்திலேயே அடுத்த மரத்துக்கு நடந்து போகிறார். பாளையைச் சீவும் கத்திச் சத்தம் மேலேயிருந்து கேட்கும், ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கள்ளு முட்டியில் இருக்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு, மறுநாள் வினாகிரி. கியாந்திக்காரர்போல் பீப்பாயில் வைத்துக் காத்திருக்க முடியாது.

குடிப்பதென்றால் மிதித்து முடிந்த பிறகு. திரும்ப நாத்தாண்டியாவில் ரயில். சைக்கிளை எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: போயா (பௌர்ணமி) அன்று கள்ளுத் தவறணை பூட்டு. இதை எழுதாமல் விட்டதற்காக ஒரு தம்பி என்னை நன்றாகத் திட்டி எழுதியிருந்தார். 70 கிலோமீற்றர் மிதித்துப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பின்னால் தெரிகிற பெட்டிக்கடையில் தெம்பிலி (செவ்விளநீர்) தொங்குகிறது, இரண்டு குடித்தாராம்.