நுரையீரலில் 'கட்டி' என்று ஸ்கேன் சொன்னால்: சேலத்திலேயே முடிக்க வேண்டியவை

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'புற்றுநோயாக இருக்கலாம்' என்ற வரியைக் கண்டதும், அன்றிரவே சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. போவதில் தவறில்லை. ஆனால் காசநோய், பூஞ்சைத் தொற்று, சீழ்க்கட்டி, உருண்டையாகத் தெரியும் நிமோனியா ஆகியவையும் படத்தில் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், கிளம்புமுன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை உடலில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனும் தீர்ப்புச் சொல்லிவிடாது. புற்றுச் செல்களைப் போலவே டி.பி. கட்டியிலுள்ள அழற்சிச் செல்களும் சர்க்கரையை வேகமாக உறிஞ்சி ஒளிரும்.

முதலில் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தேடி எடுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமோ அது பதிவான குறுந்தட்டோ வேண்டும். திண்மையான சிறு முடிச்சு 2 ஆண்டுகளாக அளவு மாறாமல் இருந்தால் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்தது சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைக் கொடுக்க வேண்டும், எச்சில் பயன்படாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது இலவசம். ஏற்காட்டு மலைக் கிராமத்தினர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். சளியில் கிருமி தெரியாததாலேயே டி.பி. இல்லை என்றாகிவிடாது. இடைப்பட்ட நாட்களில் மெடிக்கலில் கேட்டு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடாதீர்கள்; முன்னது டி.பி. கிருமியை அரைகுறையாக அடக்கி நோயை மறைக்கும், பின்னது தொற்றை வளர்க்கும்.

உங்கள் தொழிலையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கல் உடைப்பதில் கிளம்பும் சிலிக்கா தூசி தானாகவே கட்டி போன்ற தழும்பை உண்டாக்குவதோடு காசநோய்க்கும் வழிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர் மழைக்காலச் சேற்றில் வேலை செய்திருந்தால், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸையும் நினைக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது பயாப்ஸி அன்றுதான். ஊசியால் எடுத்த சதைத் துணுக்குகள் எல்லாவற்றையும் சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவ பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமிகள் செத்துவிடும். பிறகு அவற்றை வளர்த்துப் பார்க்கவே முடியாது. ஆகவே ஒரு பகுதி ஃபார்மலினிலும், இன்னொரு பகுதி கிருமி நீக்கிய சேலைனிலும் போகுமா, டி.பி., பூஞ்சைக் கல்ச்சருக்குச் சீட்டு எழுதியாயிற்றா என்று முன்னதாகவே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி இரண்டாவது பயாப்ஸியைத் தவிர்க்கக்கூடும்.

மறுபக்கத் தவறும் நம் நாட்டில் குறைவில்லை: புற்றுநோயை டி.பி. என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது. புகைபிடிப்பவர், சளியில் ரத்தம் வருபவர், குரல் கம்மியவர் காத்திருக்கக் கூடாது. நிமோனியா என்று மருந்து கொடுத்திருந்தால் 6 முதல் 8 வாரங்களில் மறுபடம் எடுத்து, கட்டி கரைந்ததா என்று பார்க்க வேண்டும். பயாப்ஸியில் 'புற்றுச் செல்கள் இல்லை' என்று மட்டும் வந்தாலும் அது முடிவான விடையன்று. இன்ன தொற்று என்று பெயர் சொல்லாத அறிக்கை கையிலிருக்கும்போது கட்டி வளர்ந்தால், மீண்டும் சதை எடுத்தே ஆக வேண்டும்.