முழுமரக் குடில் கட்டப் பழகுவோருக்கு ஒரு குறிப்பு

முழுமரங்களை அடுக்கிக் கையால் குடில் கட்டப் பழக விரும்புவோர், பயிற்சிப் பட்டறையில் சேருமுன், மூலைப் பொருத்துகளைத் தம் கையாலேயே வெட்டிப் பார்க்க அங்கே வாய்ப்பு உண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும். மேல்மரத்தைக் கீழ்மரத்தின் மீது கிடத்தி, கீழ்மரத்தின் மேடுபள்ளங்களைக் கவராயத்தால் மேல்மரத்தில் அப்படியே கோடாக வரைந்து, அக்கோடு வரை குடைந்தெடுப்பதே இக்கலையின் உயிர். கவராயம் சற்றுச் சாய்ந்தாலும் பொருத்தில் இடைவெளி விழும் என்பது உளியைப் பிடித்த பின்னரே புரியும். குடைவையும் நீளவாக்கில் ஓடும் பள்ளமான காடியையும் மேல்மரத்தின் அடிப்பக்கத்தில் வெட்டுங்கள். மேற்பக்கத்தில் வெட்டினால் மழைநீர் தேங்கி மரம் மக்கிவிடும்.

பச்சை மரம் உலரும்போது பருமன் குறைவதால், சுவரின் உயரம் ஏறத்தாழ 6 சதவீதம் வரை தாழக்கூடும். அதாவது 8 அடிச் சுவர் 6 அங்குலம் அளவுக்கு இறங்கலாம். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு மேலே அவற்றின் உயரத்திற்கேற்ற இடைவெளியை விடாவிட்டால், இறங்கும் சுவர் சட்டத்தை அழுத்திக் கதவைத் திறக்கவே முடியாமல் செய்துவிடும். பலர் குறிப்பெடுக்கத் தவறும் இந்தக் கணக்கைப் பயிற்றுநரிடம் நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள்.