இரண்டு செயலிகளை ஒப்பிடுவது எப்படி? கேம், வேலை, மின்சாரம் மூன்றுக்கும் ஒரு செய்முறை

கணினியின் மூளையான செயலிகளில் (புராசசர்) எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் கணினி ஒரு நாளில் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறது? இதற்கு விடை தெரியாமல் எத்தனை வரைபடங்களைப் புரட்டினாலும் குழப்பம்தான் மிஞ்சும். விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாடத்துக்காக இரண்டு செயலிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, மற்றது இன்டெலின் கோர் ஐ7-14700கே. இரண்டும் 2023இல் வெளிவந்தவை. குணத்தில் நேரெதிரானவை என்பதால், ஒப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி அமையாது. வேறு எந்த இரண்டுக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: ஒரு வாரக் கணக்கு எழுதுங்கள்

ஏழு நாட்களுக்கு ஒரு தாளில் குறித்துவாருங்கள். கேம் எத்தனை மணி, வீடியோ தொகுப்பு எத்தனை மணி, நிரல் எழுதுவது எத்தனை மணி, உலாவியைத் திறந்து வைத்துச் சும்மா இருந்தது எத்தனை மணி. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கணினிகள் அதிக நேரம் செய்வது அந்த வேலையைத்தான். படி 6இல் அது தேவைப்படும்.

படி 2: விவரத் தாளில் எதைப் பார்ப்பது

7800எக்ஸ்3டியில் 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). மூன்றாம் நிலை கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 96 மெகாபைட். உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ். 14700கேயில் பி-கோர் எனப்படும் பெரிய கோர்கள் 8, இ-கோர் எனப்படும் சிறிய கோர்கள் 12, ஆக 20. பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்களையும் சிறியது ஒரே ஒரு த்ரெட்டையும் ஓட்டுவதால் மொத்தம் 28 த்ரெட். மூன்றாம் நிலை கேஷ் 33 மெகாபைட், உச்ச வேகம் 5.6 கிகாஹெர்ட்ஸ்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்புகள் என்ற எண். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறும். ஆகவே இரண்டு வெவ்வேறு குடும்பங்களின் வேகத்தை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. இந்த ஜோடியிலேயே 5.0 கொண்டது பல கேம்களில் 5.6 கொண்டதை முந்துகிறது. காரணம் அந்த 96 மெகாபைட். செயலிச் சில்லில் உள்ள 32 மெகாபைட் கேஷின் மேல் இன்னொரு 64 மெகாபைட்டை அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். கேம்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் தரவு அங்கேயே கிடைத்துவிடுவதால், ரேம் வரை போய்வரும் காத்திருப்பு குறைகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மேலே ஒட்டிய கூடுதல் சிலிக்கான் அடுக்கு, கீழே உள்ள கோர்களின் வெப்பம் வெளியேறும் வழியில் நிற்கிறது. அதனால் இதன் வெப்ப உச்ச வரம்பை 89 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, மின்னழுத்தத்தையும் வேகத்தையும் அடக்கி வைத்திருக்கிறார்கள். 14700கேயின் வரம்பு 100 டிகிரி.

படி 3: மற்ற எல்லாவற்றையும் சமமாக்குங்கள்

நீங்களே அளந்தாலும் சரி, பிறர் அளந்ததைப் படித்தாலும் சரி, செயலியும் மதர்போர்டும் தவிர மற்றவை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே டிரைவர் பதிப்பு, ஒரே அளவு ரேம், ஒரே கூலர், ஒரே இயங்குதளப் பதிப்பு.

ரேமில் கூடுதல் கவனம் வேண்டும். வேகமான ரேமை மாட்டினாலும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அதன் வேக அமைப்பை இயக்காதவரை அது மெதுவான இயல்பு வேகத்திலேயே ஓடும். ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல் இரண்டு மாலைகள் உட்கார்ந்து அளந்த எண்கள் அனைத்தையும் அழிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அளப்பதற்கு முன் ரேமின் வேகத்தைத் திரையில் பார்த்து எழுதிவைத்துக்கொள்கிறேன்.

படி 4: கேமில் அளப்பது

கேம் ஓடும்போது இரண்டு உழைப்பாளிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) என்ன நடக்க வேண்டும் என்று செயலி கணக்கிடுகிறது, கிராபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. இருவரில் மெதுவானவரின் வேகமே உங்கள் கண்ணுக்குத் தெரியும் வேகம். 4கே தெளிவில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து அளந்தால் வரைபவர்தான் திணறுவார். எந்தச் செயலியைப் போட்டாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். அதைப் பார்த்து இரண்டும் சமம் என்று முடிவுகட்டினால், நீங்கள் அளந்தது கிராபிக்ஸ் கார்டை.

ஆகவே செயலியின் திறனை அறிய 1080பி தெளிவுக்கு இறங்குங்கள். நிழல், பிரதிபலிப்பு போன்ற வரைபவரின் சுமைகளைக் குறையுங்கள். கூட்ட அடர்த்தி, பார்வைத் தொலைவு போன்றவற்றைக் குறைக்காதீர்கள், அவை செயலியின் சுமைகள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், பெரும்பாலும் செயலிதான் எல்லையாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது முடிந்தபின், நீங்கள் உண்மையில் விளையாடும் அமைப்பில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். முதல் எண் செயலியின் வலுவைச் சொல்லும். அந்த வலு இன்றைய உங்கள் கிராபிக்ஸ் கார்டோடு எவ்வளவு பயன்படுகிறது என்பதை இரண்டாவது எண் சொல்லும். இரண்டும் வேண்டும்.

சராசரி பிரேம் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் சராசரியாக நொடிக்கு 100 பிரேம் வேகத்தில் ஓடினால் 6000 பிரேம்கள் வரும். அவற்றில் மிக மெதுவான 60 பிரேம்களின் சராசரியைத் தனியே எடுத்தால் அதுவே ஒரு சதவீதத் தாழ்நிலை. திரை சட்டென்று தடுக்கி நின்றதை இந்த எண் காட்டிக்கொடுக்கும், சராசரி மறைத்துவிடும். சிலர் இதை வேறு முறையில் கணக்கிடுகிறார்கள். அதனால் ஒரு விமர்சகரின் எண்ணை எடுத்து இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

அளக்க பிரசன்ட்மான் அல்லது கேப்ஃபிரேம்எக்ஸ் போதும், இரண்டும் இலவசம். கேமுக்குள்ளேயே இருக்கும் சோதனைக் காட்சியைவிட, கூட்டம் மிகுந்த ஓர் இடத்தில் ஒரே பாதையில் ஒரு நிமிடம் நடந்து அளப்பதே எனக்கு நம்பிக்கையானது. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாரிப்பு போன்ற ஒருமுறை வேலைகள் கலந்திருக்கும். அடுத்த மூன்று ஓட்டங்களில் நடுவில் வரும் எண்ணை எடுங்கள்.

நம் ஜோடியில் கேமுக்கு முன்னே நிற்பது 7800எக்ஸ்3டி. ஃபாக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்ற சிமுலேஷன் கேம்களில் பெரிய கேஷின் பலன் பளிச்சென்று தெரியும். எல்லாக் கேம்களிலும் அதே அளவு தெரியாது. நீங்கள் விளையாடும் கேமின் எண்ணைத் தேடிப் பாருங்கள், பத்துக் கேம்களின் சராசரி உங்கள் கேம் ஆகாது.

படி 5: வேலையில் அளப்பது

இங்கே நிலைமை தலைகீழாகிறது. செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லா த்ரெட்களும் ஓடும்போது 7800எக்ஸ்3டி ஏறத்தாழ 18,000 புள்ளிகள் எடுக்கும், 14700கே அதன் இரு மடங்கை நெருங்கும். காட்சி உருவாக்கம், வீடியோ கோப்பின் அளவைச் சுருக்குதல், பெரிய நிரல்களைத் தொகுத்தல் (கம்பைல்) ஆகியவற்றில் 20 கோர்கள் முழுமையாக உழைக்கும்.

ஆனால் உங்கள் வேலை உண்மையிலேயே அத்தனை கோர்களையும் தொடுகிறதா? விரிதாள், உலாவி, படத் திருத்தம் ஆகியவை பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தையே நம்புகின்றன. முப்பரிமாணக் காட்சி நிரலான பிளெண்டரில் கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு காட்சி உருவாக்குபவருக்குச் செயலியின் பிளெண்டர் மதிப்பெண் எதையும் சொல்லாது. வீடியோ தொகுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: 14700கேயின் உள்ளே இருக்கும் குவிக் சிங்க் பகுதி வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் தனியே உதவுகிறது. பெயரின் இறுதியில் கேஎஃப் என்று முடியும் வகையில் இந்தப் பகுதி கிடையாது.

ஆகவே உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். சோதனை நிரலை ஓட்டினால் ஒரு சுற்றோடு நிறுத்தாமல் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். முதல் நிமிடத்தின் வேகம் வெப்பம் ஏறியபின் நிற்காமல் போகலாம்.

படி 6: மின்சாரத்தை அளப்பது

ஒப்பீடுகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் பகுதி இது. விவரத் தாளில் ஏஎம்டி 120 வாட் என்கிறது, இன்டெல் 125 வாட் என்கிறது. கிட்டத்தட்டச் சமம் என்று தோன்றும். அந்த எண்கள் உச்சச் செலவைச் சொல்பவை அல்ல. 7800எக்ஸ்3டியின் மின் உச்சவரம்பு 162 வாட், ஆனால் முழுச் சுமையிலும் அது பொதுவாக 100 வாட்டைக்கூட எட்டுவதில்லை. 14700கேயின் வரம்பு 253 வாட், முழுச் சுமையில் அதை நெருங்கிவிடும். மதர்போர்டு தானாகவே அந்த வரம்பைத் தளர்த்தியிருந்தால் தாண்டியும் போகும். பயாஸில் இதை நீங்களே திறந்து பார்ப்பது அவசியம்.

செயலி எடுக்கும் மின்சாரத்தை ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரல் காட்டும். சுவர் சாக்கெட்டில் மாட்டும் மின்மானி இருந்தால் இன்னும் நல்லது, மதர்போர்டிலும் மின் வழங்கியிலும் வீணாவதையும் அது சேர்த்துக் காட்டும்.

வாட் என்பது ஒரு நொடியில் செலவாகும் வேகம் மட்டுமே. வேலை முடிய எத்தனை நொடி ஆனது என்பதையும் பெருக்கினால்தான் சிக்கனம் தெரியும். விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்களில் கணக்கிடுவோம். முதல் செயலி 85 வாட்டில் 600 நொடி எடுக்கிறது: 51,000 ஜூல். இரண்டாவது 240 வாட்டில் 330 நொடி: 79,200 ஜூல். வேகமாக முடித்தும் கூடுதலாகத் தின்றிருக்கிறது. இப்போது இரண்டாவதை பயாஸில் 125 வாட்டுக்குக் கட்டுப்படுத்துகிறோம், நேரம் 410 நொடியாகிறது என்று வையுங்கள்: 51,250 ஜூல். முதல் செயலி செலவிட்ட அதே மின்சாரம், மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

இது எப்படிச் சாத்தியம்? வேகத்தின் கடைசிப் படிகளை ஏற மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். மின்செலவோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. உச்சியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் செலவு பெருமளவு இறங்கிவிடும். எனவே ஒரு செயலியைச் சிக்கனமற்றது என்று ஒதுக்கும் முன், வரம்பைக் குறைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் மட்டும் அளந்து தீர்ப்பு எழுதுவது அந்தச் செயலிக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

கேமில் கணக்கு வேறு. அங்கே முடியும் நேரம் என்பதே இல்லை, நீங்கள் விளையாடும் வரை ஓடும். பல கேம்களில் 7800எக்ஸ்3டி 80 வாட்டுக்குள் நின்றுவிடுகிறது, 14700கே எளிதாக 100 வாட்டைத் தாண்டுகிறது. வித்தியாசம் 60 வாட் என்று கொண்டு, தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால் 30 நாளில் 5.4 யூனிட்.

ஓய்வு நிலையையும் அளங்கள். பல சில்லுகளை இணைத்துக் கட்டிய ரைசன் மேசைக்கணினிச் செயலிகள் சும்மா இருக்கும்போது இன்டெலைவிடச் சற்று அதிகம் எடுப்பது வழக்கம். பத்து வாட் வித்தியாசம் எட்டு மணி நேரத்துக்கு, 30 நாளில் 2.4 யூனிட். நாளெல்லாம் கணினியைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் மட்டும் விளையாடுபவருக்கு இந்த வரிதான் பெரிது.

படி 7: செயலியைச் சுற்றி இருப்பவை

7800எக்ஸ்3டி அமர்வது ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் செயலி பொருந்தும் இடம்). அதில் பிற்காலத் தலைமுறைச் செயலிகளும் பொருந்துகின்றன, ஆனால் டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். 14700கேயின் எல்ஜிஏ1700 சாக்கெட் அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது. கையில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதற்கேற்ற மதர்போர்டோடு அதையே பயன்படுத்தலாம். 253 வாட் வரை எடுக்கும் செயலிக்குப் பெரிய கூலரும் தேவை.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் மின்னழுத்தம் மிகுந்து நிலைத்தன்மை கெடும் குறை 2024இல் வெளிப்பட்டது. இன்டெல் மைக்ரோகோடு (செயலிக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. 14700கே வாங்கினால் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பியுங்கள். பயன்படுத்தப்பட்டதை வாங்குவதானால், முன்பு எந்த பயாஸில் ஓடியது என்று விசாரியுங்கள்.

படி 8: முதல் தாளை எடுங்கள்

படி 1இல் எழுதிய மணிகளுக்கு எதிரே மூன்று எண்களை எழுதுங்கள்: உங்கள் கேமின் ஒரு சதவீதத் தாழ்நிலை, உங்கள் கோப்பு முடிந்த நேரம், ஒரு மாத யூனிட். வாரத்தில் இருபது மணி கேம், மூன்று மணி வீடியோ என்றால் அந்த மூன்று மணிக்காக 20 கோர் தேவையில்லை. நாள் முழுதும் நிரலைத் தொகுத்துக் காத்திருப்பவருக்கு, மாலையில் கூடுதலாகக் கிடைக்கும் இருபது பிரேம்கள் அந்தக் காத்திருப்பை ஈடு செய்யாது. இரண்டும் சரிபாதி என்றால், உங்கள் திரை நொடிக்கு எத்தனை பிரேம்களைக் காட்டும் என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் இரு செயலிகளும் உங்கள் அமைப்பில் 144ஐத் தாழ்நிலையிலும் தாண்டினால், கேம் வரியை அடித்துவிட்டு மற்ற இரண்டு வரிகளை வைத்து முடிவெடுங்கள்.