துறைமுக ஜெட்டியிலிருந்து இருகூர் வரை: எரிபொருள் குழாயைப் பாதுகாப்பாக இயக்கவும் பராமரிக்கவும் ஒரு தொடக்கநிலைச் செய்முறை

கடலே இல்லாத கொங்கு நாட்டில் உட்கார்ந்து துறைமுகக் குழாயைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்களில் சிலர் கொச்சி, எண்ணூர், தூத்துக்குடி எண்ணெய் முனையங்களுக்கு ஒப்பந்தப் பணிக்குப் போகிறார்கள். வேறு சிலர் உள்நாட்டு முனையங்களில் சேர்கிறார்கள். கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோலும் டீசலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கு அருகிலுள்ள இருகூருக்கும், அங்கிருந்து கரூருக்கும் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளக் குழாயிலேயே வந்து சேர்கின்றன. எந்த முனையில் நின்றாலும் அடிப்படை ஒன்றுதான்: ஓட்டம் சீராகப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் குழாய் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் தவறுக்கு இடம் அதிகம். ஆகவே அந்த இரண்டு கட்டங்களைப் பற்றியே இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். இது உங்கள் முனையத்தின் எழுத்துபூர்வ நடைமுறைக்கு மாற்று அல்ல. அதைப் படிப்பதற்கு முன் படிக்க வேண்டிய அறிமுகம் மட்டுமே.

முதல் படி: பொருளை அறிதல்

குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. இந்திய பெட்ரோலிய விதிகளின்படி, தீப்பற்று வெப்பநிலை (தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் குறைந்த வெப்பநிலை) 23 பாகை செல்சியஸுக்குக் கீழே உள்ளவை ஏ வகுப்பு. பெட்ரோல் இதில் அடங்கும். 23 முதல் 65 பாகைக்குள் இருப்பவை பி வகுப்பு. டீசல் இதில் வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போய்க் கலைந்துவிடாமல், வால்வ் குழியிலும் மழைநீர் வடிகாலிலும் கேபிள் பள்ளத்திலும் தங்கிக் கிடக்கும். மூக்கில் வாசனை படவில்லை என்பதற்காகக் குழிக்குள் இறங்க வேண்டாம். வாயு அளவீட்டுக் கருவியைக் கயிற்றில் கட்டி அடிமட்டம் வரை இறக்கிப் பாருங்கள்.

இரண்டாம் படி: பெர்மிட்டும் தனிமைப்படுத்தலும்

எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 105ஆம் எண் தரநிலை, பணி அனுமதிச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சீட்டில் கையெழுத்து விழுவது எளிது. சீட்டில் எழுதியிருப்பது களத்தில் உண்மையா என்று நடந்து போய்ப் பார்ப்பதே வேலை. புதியவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டியது, வால்வை மூடுவது தனிமைப்படுத்தல் ஆகாது என்பது. மூடிய கேட் வால்வும் கசியும். ஃபிளாஞ்ச்சை (இரு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) கழற்றப் போகிறீர்கள் என்றால், பிளைண்ட் (குழாயை முழுதாக அடைக்கும் தகடு) போட்டிருக்க வேண்டும், அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும், கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பதோடு வென்ட் வழியாக எதுவும் வரவில்லை என்பதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முள் சிக்கிக்கொண்ட கேஜும் பூஜ்யத்தையே காட்டும். மோட்டார் வால்வ் என்றால் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

மூன்றாம் படி: லைன் அமைத்தல்

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா முனையத்தில் நடந்தது இந்தப் படியில்தான். பெட்ரோலை அடுத்த முனையத்துக்கு அனுப்ப லைன் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஹேமர் பிளைண்ட் வால்வின் (உள்ளே தகட்டை மாற்றிப் போட்டுக் குழாயைத் திறக்கவோ அடைக்கவோ செய்யும் வால்வ்) மேல்வாய் திறந்திருந்த நிலையில் டேங்க்கிலிருந்து வரும் மோட்டார் வால்வும் திறந்திருந்ததால், பெட்ரோல் ஊற்றாகப் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி பரவிய பின் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், தீ பல நாட்கள் எரிந்தது. எந்த வால்வை முதலில், எதை அடுத்து என்ற வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

எனவே கண்ட்ரோல் ரூம் திரையை நம்பி லைன் அமைக்க வேண்டாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பும் டேங்க்கிலிருந்து ஜெட்டி (கப்பல் வந்து நிற்கும் மேடை) வரையோ, ஜெட்டியிலிருந்து வாங்கும் டேங்க் வரையோ, ஒவ்வொரு வால்வையும் கையால் தொட்டுக்கொண்டே நடங்கள். கேட் வால்வின் ஸ்பிண்டில் மேலே எழுந்து நின்றால் திறந்திருக்கிறது; பால் வால்வின் கைப்பிடி குழாய்க்கு இணையாக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. டிரெயினுக்கும் வென்ட்டுக்கும் பிளக் போட்டிருக்கிறதா, ஃபிளாஞ்ச்சில் எல்லா ஸ்டட்டும் இருக்கின்றனவா, நட்டுக்கு வெளியே மரை தெரிகிறதா என்று பாருங்கள். எட்டு ஓட்டை உள்ள ஃபிளாஞ்ச்சில் ஆறு ஸ்டட் மட்டும் போட்டு ‘இப்போதைக்கு இது போதும்’ என்று விடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாக இருக்கலாம். இங்கே அதற்கு இடமே இல்லை.

நான்காம் படி: ஜெட்டி இணைப்பு

கப்பலும் கரையும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ந்தே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். உச்ச ஓட்ட அளவு, உச்ச அழுத்தம், நிறுத்தச் சொல்லும் சைகை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்வது, அவசரத்தில் யார் எந்தப் பொத்தானை அழுத்துவது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். ஹோஸைப் பயன்படுத்தினால் அதன் சோதனைத் தேதியைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குக் குறித்த வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதிப்பது நடைமுறை. கப்பலுக்கும் கரைக்கும் இடையே மின்னோட்டம் பாயாமல் இருக்க இன்சுலேட்டிங் ஃபிளாஞ்ச் வைத்திருப்பார்கள். அதன் மேல் பெயிண்ட் பூசியோ, இரும்புக் கம்பியைச் சாய்த்து வைத்தோ அதன் பயனைக் கெடுத்துவிடாதீர்கள். சாதாரணச் செல்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டு, அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்ற வாக்கி டாக்கியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: மெதுவாகத் தொடங்குதல்

எரிபொருள் குழாய்க்குள் ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. டேங்க்கின் உள்வாய் திரவத்தில் மூழ்கும் வரை ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. 12 அங்குலக் குழாயில் இது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோலிட்டர் ஆகும். இந்த எண்ணை உங்கள் குழாயின் உள்விட்டத்துக்குக் கணக்கிட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட்டில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. மெதுவான ஓட்டத்தில் ஒருவர் லைன் முழுவதும் நடந்து ஃபிளாஞ்ச்களைப் பார்த்து, கசிவில்லை என்று சொல்ல வேண்டும். பொருள் சரியான டேங்க்குக்குத்தான் போகிறது என்று டேங்க் மட்டமும் உறுதிப்படுத்த வேண்டும். அதன் பிறகே ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

ஆறாம் படி: மணிக்கணக்கில் ஒப்பிடுதல்

அனுப்பியவர் எண்ணும் வாங்கியவர் எண்ணும் ஒவ்வொரு மணியும் ஒத்துப்போக வேண்டும். வெப்பநிலைத் திருத்தம் செய்யாமல் ஒப்பிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும்: 1000 கிலோலிட்டர் டீசல் 10 பாகை குளிர்ந்தாலே ஏறத்தாழ 8 கிலோலிட்டர் சுருங்கிவிடும். திருத்தம் செய்த பிறகும் வித்தியாசம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால், மீட்டர் பிழை என்று ஒதுக்காமல் பம்ப்பை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். சிறு கசிவு கருவிகளுக்கு எளிதில் அகப்படுவதில்லை. 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் வந்ததும், 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்ததும் ஊர் மக்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த செய்திகள்.

ஏழாம் படி: நிறுத்துதல்

சப்மெர்சிபிள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால், தோட்டத்துக் குழாய் ‘டொம்’ என்று அதிர்வதை நம் பக்கத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. எரிபொருள் குழாயில் இதே அதிர்ச்சி பல மடங்கு. எஃகுக் குழாயில் டீசலின் அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 1100 மீட்டர் வேகத்தில் ஓடும். ஓட்ட வேகம் திடீரென விநாடிக்கு 1 மீட்டர் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 9 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) எகிறும். விநாடிக்கு 2 மீட்டரில் ஓடுவதைச் சட்டென்று நிறுத்தினால், இருக்கிற அழுத்தத்தின் மேல் 18 பார் கூடுதலாக ஏறும். 5 கிலோமீட்டர் குழாயில் அந்த அலை போய்த் திரும்ப ஏறத்தாழ 9 விநாடி ஆகும் என்பதால், அதற்குள் வால்வை மூடுவதும் ஒரே நொடியில் மூடுவதும் ஒன்றே. கேட் வால்வில் கடைசிச் சில சுற்றுகள்தான் ஓட்டத்தை உண்மையில் நறுக்குகின்றன; அந்தச் சுற்றுகளை மிக நிதானமாகச் சுற்றுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் அனுப்புபவரிடம் சொல்லி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், பிறகு பம்ப் நிற்க வேண்டும், அதன் பின்னரே வாங்கும் பக்கத்து வால்வை மூட வேண்டும். ஓடும் பம்ப்புக்கு எதிராக வாங்கும் வால்வை மூடுவது கண்டிப்பாகக் கூடாது. நம் பக்கத்துக் குழாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பம்ப் நின்ற பின்னும் அந்த உயரத்து டீசல் தன் எடையாலேயே கீழ்முனையில் 32 பாருக்கு மேல் அழுத்தும். மேட்டிலிருந்து பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வும் இடைநிலை வால்வுகளும் சரியாக வேலை செய்கின்றனவா என்பது ஓட்டம் நின்ற அந்த நேரத்தில்தான் தெரியும்.

கூடவே செலுத்திக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினோமா என்றும் பாருங்கள். 2010 ஜூலை 16 அன்று சீனாவின் தாலியன் துறைமுகத்தில், கப்பல் கச்சா எண்ணெய் இறக்குவதை நிறுத்திய பிறகும் கந்தகம் நீக்கும் ரசாயனத்தைக் குழாய்க்குள் செலுத்துவது நிற்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த அந்த ரசாயனம் அசையாத எண்ணெயில் சேர்ந்து வெடித்தது.

ஓட்டம் நின்ற குழாயை இருபுறமும் மூடிவிட்டுப் போகும் முன், வெப்ப அழுத்த விடுவிப்பு வால்வின் வழி திறந்திருப்பதை உறுதி செய்யுங்கள். இருபுறமும் அடைபட்ட டீசல் வெயிலில் ஒரு பாகை சூடானாலே அழுத்தம் ஏறத்தாழ 8 பார் கூடும். பங்குனி வெயிலில் கேஸ்கட் பிதுங்க ஒரு முற்பகல் போதும். டேங்க்கில் டிப் பார்ப்பதற்கும் (அளவு நாடாவை இறக்கி எண்ணெய் மட்டம் அளப்பதற்கும்) 30 நிமிடம் பொறுத்திருங்கள்; நிலைமின்சாரம் அடங்க வேண்டும்.

எட்டாம் படி: பராமரிப்பு

துறைமுகத்தில் முதல் எதிரி உப்புக் காற்று. குழாய் தாங்கியின் மேல் உட்காரும் இடத்தில், வெளியே தெரியாமல் துரு தின்னும். கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணுக்குள் போகும் குழாய்க்கு மேற்பூச்சோடு கத்தோடிக் பாதுகாப்பும் (சிறு மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கும் முறை) உண்டு; தாமிர சல்பேட் குறிப்பு மின்முனையோடு அளந்தால் மைனஸ் 850 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருக்க வேண்டும். உட்புறத்துக்குப் பிக் (ஓட்டத்தோடு குழாய்க்குள் போய்ச் சுத்தம் செய்யவோ சோதிக்கவோ உதவும் கருவி) அனுப்புவார்கள். பிக் வாங்கும் பெட்டியின் கதவைத் திறக்கும்போது அதற்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஒன்பதாம் படி: தோட்டத்து வழி

1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்கள் சட்டப்படி, குழாய் போகும் நிலத்தில் உரிமையாளர் பயிர் செய்யலாம். கட்டடம் கட்டவோ, கிணறு, தொட்டி வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. 2013இல் கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள் எரிவாயுக் குழாய்த் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள்; 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கசப்பு இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. லைன் பார்க்கப் போகிறவர் இதைத் தெரிந்து, ‘வாங்கண்ணா, நல்லா இருக்கீங்களா’ என்று பேசிப் பழக வேண்டும். பொக்லைன் வருவதை முதலில் பார்க்கப் போகிறவர் அந்தத் தோட்டக்காரர்தான். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களிடமும் பாயிண்ட் வைக்கும் முன் குழாய்க் கல்லைப் (குழாய் போகும் வழியைக் காட்டும் எல்லைக் கல்) பார்க்கச் சொல்லி வையுங்கள்.

வயலில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, வாய்க்கால் நீரில் எண்ணெய்ப் படலம் மின்னினாலோ, பைக்கை ஸ்டார்ட் செய்யாமலும் மோட்டார் ஸ்விட்சைத் தொடாமலும் காற்று வரும் திசை நோக்கி நடந்து விலகுங்கள். போதிய தூரம் வந்த பிறகே, குழாய்க் கல்லில் எழுதியிருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, கல்லின் கிலோமீட்டர் எண்ணையும் ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள்.