வாடை தெரியவில்லை என்றால் வாயு இல்லை என்று பொருளா?

விடியற்காலையில் முதன்முறையாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வருபவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். ஏலம் நடக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்றபின் அவருக்கே கவிச்சி தெரிவதில்லை. காற்று மாறவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. மூக்கின் மேற்பகுதியிலுள்ள ஏற்பிச் செல்களின் (வாடையை உணரும் செல்களின்) நுண்ணிழைகளில் வாடை மூலக்கூறு ஒட்டியதும், மின்னேற்றமுள்ள துகள்களை உள்ளே விடும் அயனி வாயில்கள் திறந்து, சோடியமும் கால்சியமும் உள்ளே புகுந்து, அந்தத் தூண்டல் மின் குறிப்பாக மாறி மூளைக்குச் செல்கிறது. ஆனால் உள்ளே வந்த கால்சியமே வாயில்களை மந்தப்படுத்துவதால், வாடை நீடிக்க நீடிக்கக் குறிப்பு தளர்ந்துவிடுகிறது.

ஆகவே வடசென்னையின் தொழிற்சாலைப் பகுதிகளான மணலி, எண்ணூர்ப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், இரவெல்லாம் அடித்த நெடி இப்போது தெரியவில்லை என்பதைக் கொண்டு காற்று தெளிந்துவிட்டதாக முடிவுசெய்யக் கூடாது. வெளியிலிருந்து புதிதாக வருபவரைக் கேட்பது மேல். இதைவிடக் கொடிய தவறு, கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, நாற்றம் போய்விட்டதென்று ஆளை இறக்குவது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். அதற்கு மேல் ஏற ஏற, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கமும் மரணமும் நேரும். பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. வாயு அளக்கும் கருவியின் இடத்தை எவருடைய மூக்கும் நிரப்ப முடியாது.

காரத்தைச் சுவை என்று எண்ணுவதும் தவறே. பாரிமுனைப் பக்கத்து அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில் நாக்கு எரிவதற்குக் காரணம், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும் வலி ஏற்பியை மிளகாயின் கேப்சைசின் திறந்துவிடுவதுதான். அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ பயன்படும்.

நீரிழிவு உள்ளவர்கள் வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிப்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கும் பழக்கம். நீளமான நரம்புகள் முதலில் பழுதடைவதால், பாதத்துத் தோலில் எழும் குறிப்பு மூளையைச் சென்று சேர்வதில்லை. முழங்கையால் சோதிக்கலாம், வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் திருவொற்றியூர்க் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்தவர்கள், எரிச்சல் இல்லையே என்று இருந்துவிடாமல், வீடு திரும்பியதும் உள்ளங்கால்களில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்தாவது பார்த்துவிட வேண்டும்.