விபத்து வாகனத்தின் கண்ணாடி: உடைக்க முன்னரும் உடைக்கும்போதும்

ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு வான் மரத்தில் மோதினால், முதலில் ஓடி வருவது பின்னால் வந்த லொறிக்காரரும் பக்கத்து வயலில் நின்றவர்களும்தான். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் தூரம் தூரம்தானே. அதற்குள் ஒருவர் கல்லைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியைக் குறிபார்ப்பார். இந்தப் பதிவு அவருக்காக.

வீதியில் டோர்ச்சுடன் ஆள் நிறுத்துவது, ரயருக்குக் கல் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே கண்ணாடிக்கு வருகிறேன்.

1. உடைக்கத்தான் வேண்டுமா?
எல்லாக் கதவுகளையும், பின்கதவையும் சேர்த்து, இழுத்துப் பாருங்கள். ஒன்று திறந்தாலே போதும், உள்ளே கை விட்டு மற்றவற்றின் பூட்டை எடுத்துவிடலாம். பவர் ஷட்டர் (சுவிட்சில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி) உள்ள வாகனமென்றால் சாவியை நிற்பாட்ட முன்னர் ஷட்டர்களை இறக்கிவிடுங்கள். மின்சாரம் போன பிறகு அவை அசையாது. பெற்றோல் மணமோ புகையோ இருந்தால் மட்டும் முதலில் சாவியை நிற்பாட்டுங்கள்.

2. எந்தக் கண்ணாடி?
இங்கேதான் பலர் திணறுகிறார்கள். முன்கண்ணாடி லாமினேட்டட்: இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். எவ்வளவு அடித்தாலும் வெடிக்குமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட். சரியாகக் குத்தினால் ஒரே நொடியில் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டும். ஆனால் சில புது வாகனங்களில் பக்கக் கண்ணாடியும் லாமினேட்டட்தான். கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். உங்கள் சொந்த வாகனத்தில் இன்றே போய்ப் பாருங்கள். இருட்டில், பதற்றத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு குத்துக்கு உடையாமல் விரிசல் மட்டும் விழுந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்த கண்ணாடிக்குப் போங்கள்.

காயப்பட்டவரிடமிருந்து எந்தக் கண்ணாடி அதிக தூரத்தில் இருக்கிறதோ, அதைத்தான் உடைக்க வேண்டும். அவர் முகத்துக்குப் பக்கத்தில் உள்ளதை அல்ல.

3. மூடுங்கள், சொல்லுங்கள்
உள்ளே இருப்பவரைச் சாரத்தாலோ போர்வையாலோ மூடுங்கள். மூச்சுக்கு இடம் இருக்கட்டும். "கண்ணாடி உடைக்கப் போறம், கண்ணை மூடுங்கோ" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லாமல் உடைத்தால், உடையும் சத்தத்துக்குத் திடுக்கிட்டுக் கழுத்தைத் திருப்பினால் காயம் பெருக்கும்.

உங்களுக்குக் கண் கவசமும் தோல் கையுறையும் வேண்டும். கண் கவசம் இல்லையென்றால் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். செருப்புக் காலோடு கிட்டப் போகாதீர்கள்.

4. குத்துவது
ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் சென்டர் பஞ்ச்தான் என் தெரிவு: கூர்முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே குத்திவிடும் சின்னக் கருவி. சுத்தியலை வீச இடம் வேண்டும், வீசிய வேகத்தில் அது உள்ளேயும் போய்விடும். இருக்கையின் தலையணைக் கம்பியைக் கழற்றிக் குத்தலாம் என்று சொல்பவர்கள் ஒருமுறை பழைய கதவில் முயன்று பார்க்கட்டும்.

பஞ்சைக் கண்ணாடியின் நடுவில் வைக்காதீர்கள், கீழ் மூலையில் வையுங்கள். மற்றக் கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றி, அதன்மேல் பஞ்ச் பிடித்த கையைச் சாய்த்து அழுத்துங்கள். அப்போதுதான் கண்ணாடி கொட்டும்போது கை உள்ளே விழாது. நேரம் இருந்தால் முன்னரே அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிடுங்கள், துண்டுகள் ஒட்டிக்கொண்டே வரும்.

நம் பக்கம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டாத வான் குறைவு. அந்த ஸ்டிக்கர் உடைந்த கண்ணாடியைப் பாய் மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். உடையவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம். மேல் ஓரத்தில் கையுறைக் கையால் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். உள்ளே தள்ளக் கூடாது.

5. ஓரங்கள்
சட்டத்தில் மிஞ்சிய துண்டுகளை மேலிருந்து கீழாகத் தட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் சாக்கையோ ரப்பர் கால்மிதியையோ மடித்துப் போடுங்கள். ஆளை அதன்மேல்தான் எடுக்கப்போகிறீர்கள்.

முன்கண்ணாடியை அறுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கூடாது, மாஸ்க் இல்லாமல் நிற்க வேண்டாம்.

காயத்தில் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். சுற்றிவரத் துணி வைத்து அசையாமல் கட்டி அனுப்புங்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்க விடாதீர்கள்.

பின்சேர்க்கை: பஸ் என்றால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். இழுத்துத் திறக்கும் ஷட்டர் என்றால் உடைக்கும் தேவையே இல்லை, அவசரக் கதவையும் பாருங்கள். சரிந்து கிடக்கும் பஸ்ஸில் மேல்பக்கக் கண்ணாடியைத் தொடாதீர்கள், கொட்டுவதெல்லாம் உள்ளே இருப்பவர்கள் மேல்தான்.

இன்னொருவர் சொன்னது அறுவடைக் காலத்துக்கு: தாரில் நெல் காயப்போடும் இடமென்றால், போக முன்னர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிச் சாக்கில் கட்டிவிடுங்கள்.